ஜாக்கெட்டோடு முடியாத குளிர்காலம்

கனடாவுக்கு வரப்போகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை டிகிரி வரைக்கும் போகும்?" என்பதுதான். எங்கள் மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதில் திகில் கலந்த ஒரு ஆசை உண்டு. மைனஸ் இருபது என்று சொன்னால் போதும், போனில் அந்தப் பக்கம் "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம், உடனே பக்கத்தில் இருப்பவர்களுக்கு நேரடி ஒலிபரப்பு. ஜனவரி ராத்திரி இருபது டிகிரிக்கு இறங்கினாலே காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கிற கூட்டம்தானே நாம்.

நான் இருப்பது டொராண்டோவின் கிழக்குப் பக்கம், ஸ்கார்பரோவில். இங்கே ஜனவரி சராசரி பூஜ்யத்துக்கு நாலைந்து டிகிரி கீழே. சில நாள் மைனஸ் இருபதைத் தொட்டுவிட்டுத் திரும்பும். வின்னிப்பெக்கிலும் எட்மன்டனிலும் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் கட்சி இதுதான்: டிகிரிக்குப் பயப்பட வேண்டியதில்லை. குளிர் என்பது காசு கொடுத்தால் தீர்ந்துவிடுகிற பிரச்சினை. நல்ல ஜாக்கெட், நல்ல பூட்ஸ், கம்பளி சாக்ஸ், காதை மூடுகிற தொப்பி, முடிந்தது. வீடு, பஸ், ஆபீஸ், கடை எல்லாம் சூடாகவே இருக்கும். குளிர் மாதங்களில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்கும்படி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டொராண்டோ நகராட்சி விதியே இருக்கிறது. டிசம்பரில் கொடைக்கானல் லாட்ஜில் மூன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆளைச் சாய்ப்பவை வேறு சில. அவற்றைப் பற்றி யாரும் போனில் கேட்பதில்லை.

துணிமணி விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன், இது கொஞ்சம் சுலபம் என்பதால்.

பக்கத்து வீட்டு ஐயா பருத்தித்துறைக்காரர். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் இந்த ஊருக்குப் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரை சேர்த்தது கனடா முழுக்கப் பேசப்பட்ட செய்தி. அந்தக் காலத்தில் வந்தவர்களுக்குக் குளிரைப் பற்றி யூடியூபில் பாடம் எடுக்க ஆள் இல்லை. "ஆர் எங்களுக்குச் சொல்லித் தந்தது, பிள்ளை? சேர்ச்சிலை தந்த கோட்டைப் போட்டுக்கொண்டு கோப்பை கழுவப் போனனாங்கள்" என்பார். நான் வந்த புதிதில் என் கால்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் எனக்கு வேதவாக்கு: "உந்தச் சப்பாத்து இஞ்ச சரிவராது. ஒரு நம்பர் பெரிசா வாங்குங்கோ. உள்ளுக்கை காத்து இருக்கவேணும்."

அதுதான் சூட்சுமமே. சூட்டைப் பிடித்து வைப்பது துணி இல்லை, துணிக்குள் அடைபட்ட காற்று. இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் காற்றுக்கும் இடமில்லை, ரத்தம் ஓடவும் வழியில்லை, விரல் மரத்துப்போகும். ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த க்ளவுஸைவிட, விரல்கள் எல்லாம் ஒரே பையில் கிடக்கிற மிட்டன்தான் சூடு என்பதும் இதே கணக்கில்தான்.

இன்னொன்று, பருத்தி மேல் நமக்கு இருக்கிற பக்தியைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும். ஊர் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச எதுவும் இல்லை, ஏனென்றால் அது வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். அதே குணம் இங்கே எமன். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவீர்கள், வேர்க்கும், பனியன் நனையும், அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற பத்து நிமிடத்தில் முதுகு ஜில்லிட்டுவிடும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியெஸ்டர் தெர்மலோ, அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்று புகாத, இடுப்புக்குக் கீழே இறங்குகிற ஜாக்கெட். ஜாக்கெட்டை ஊரிலிருந்து வாங்கி வரவே வராதீர்கள். தி. நகரில் "கனடாவுக்கே தாங்கும்மா" என்று சொல்லி விற்கிறவர் கனடாவைப் பார்த்தவர் இல்லை. அப்புறம், உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று ஒரு வாட்ஸ்ஆப் ஞானம் சுற்றுகிறதே, அது உண்மையில்லை. தலை உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. போகிற சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனாலும் தொப்பி போடுங்கள், காது போய்விடும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே வானிலை அறிக்கையில் இரண்டு எண் வரும்: வெப்பநிலை ஒன்று, 'விண்ட் சில்' ஒன்று. மைனஸ் பத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் வெறும் முகத்துக்கு அது மைனஸ் இருபது. பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அண்டார்ட்டிகாவில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்து பார்த்ததில் ஆரம்பித்த கணக்கு இது. 2001-இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து மனித முகத்தில் சோதித்து அதைத் திருத்தி எழுதின. விண்ட் சில் மைனஸ் 28-ஐத் தாண்டினால் பத்து முதல் முப்பது நிமிடத்தில் தோல் உறையத் தொடங்கலாம். ஸ்கார்பரோ ஆர்டி ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு, அதோடு மூடியே போய்விட்டது; அந்த வழியில் போன எங்களுக்கெல்லாம் இப்போது பஸ்தான். எனவே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான்.

இனி உண்மையான கஷ்டங்கள்.

முதலாவது வறட்சி. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் பனி கிடக்கிறதே, தண்ணீர்தானே அது, ஈரமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். வீட்டுக்குள் நடப்பது நேர்மாறு. முறுக்கு டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போங்கள், ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் நமுத்திருக்காது. அப்பளம் பொரித்து மூன்றாம் நாள் கையில் எடுத்தால் நொறுங்கும். ராத்திரி அறைக்குள் உலர்த்திய ஜீன்ஸ் காலையில் முறுகலாக இருக்கும். எங்கள் ஊர் ஐப்பசி மழையில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும், அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது முதலில் வரமாகத்தான் தெரிந்தது. அப்புறம்தான் அதே காற்று என் குதிகாலிலும் உதட்டிலும் மூக்கிலும் கைவைத்தது.

காரணம் சின்ன பௌதிகம். மைனஸ் பத்து டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவி தாங்கும். 21 டிகிரியில் அதே காற்றுக்குப் பதினெட்டு கிராம் வரை இடம் உண்டு. வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் என்ன செய்கிறதென்றால், வெளியே இருந்து கசிந்து வருகிற காற்றைச் சூடாக்குகிறது, ஈரத்தைச் சேர்ப்பதில்லை. ஆக, அந்தக் காற்று எட்டில் ஏழு பங்கு பசியோடு வீட்டைச் சுற்றிவருகிறது. கிடைத்த இடத்தில் உறிஞ்சும். ஜனவரி நடு ராத்திரி குழந்தையின் மூக்கில் ரத்தம் வந்து தலையணை நனைந்திருப்பதைப் பார்த்துப் பதறாத அம்மா இந்த ஊரில் குறைவு. பெரும்பாலும் வறட்சியால் வருவதுதான்; மூக்குத் துவாரத்தில் படுக்கும் முன் வாசலின் தடவினால் நிற்கும். அடிக்கடி வந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் 'சுள்' என்று ஷாக், பாலியெஸ்டர் புடவை காலோடு ஒட்டிக்கொண்டு நடக்கவிடாத சங்கடம், எல்லாம் இதன் பரிவாரம்.

நம்மூர் வைத்தியம் தேங்காய் எண்ணெய்தான், ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். இங்கே அக்டோபரில் கட்டியான பாட்டில் மே மாதம்தான் இளகும். அகலவாய் டப்பாவுக்கு மாற்றிக் கரண்டியால் எடுத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்து உடம்பு ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும்; உலர்ந்த பிறகு தடவினால் மினுமினுப்பு மட்டும்தான் மிஞ்சும். கொதிக்கக் கொதிக்க அரைமணி நேரம் ஷவரில் நிற்கிற சுகத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும், அது தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும்.

உடனே ஹ்யூமிடிஃபையர் வாங்கி வீட்டை மேகமாக்கிவிடாதீர்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. நம் சமையல் வேறு: சாதம் கொதிக்கும், இட்லி வேகும், ரசம் ஆவி விடும். அந்த நீராவி எல்லாம் நேரே போய்ச் சில்லிட்ட ஜன்னல் கண்ணாடியில் படிந்து சொட்டும். எங்கள் அடுப்படி ஜன்னலில், கண்ணாடி சட்டத்தோடு சேருகிற ரப்பர் விளிம்பு இருக்கிறதே, அங்கே கரும்புள்ளியாக ஆரம்பித்து பிப்ரவரிக்குள் மை கொட்டியது போலப் பூஞ்சணம் படர்ந்துவிடும். சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட வேண்டும், காலையில் ஒரு பழைய துண்டால் விளிம்பைத் துடைக்க வேண்டும். வெளியே கடுங்குளிர் என்றால் உள்ளே ஈரப்பதம் முப்பது சதவீதம் போதும். அதை அளக்கிற சின்னக் கருவி கடையில் சல்லிசாகக் கிடைக்கிறது.

இட்லி மாவு புளிக்காத கதையைப் புலம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு முறை எழுதியாகிவிட்டது. ஓவன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கறிவேப்பிலையை அப்படித் தாண்டிப் போக முடியாது. ஸ்கார்பரோவில் ஒரு தமிழ் வீட்டின் அந்தஸ்தைக் கார் சொல்லாது, தெற்குப் பார்த்த ஜன்னலோரம் நிற்கிற கறிவேப்பிலைத் தொட்டி சொல்லும். ஐயா வீட்டில் இருப்பது என் தோள் உயரம். செப்டம்பர் கடைசியில் ராத்திரி பத்து டிகிரிக்கு இறங்கும் என்று அறிக்கை வந்ததுமே தொட்டியை உள்ளே இழுத்துவிடுவார். உள்ளே வந்த செடி வெளிச்சம் குறைந்து இலையைக் கொட்டும். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவோம், அங்கேதான் செடி சாகும். தூங்குகிற செடி தண்ணீர் குடிப்பதில்லை, வேர் அழுகிவிடும். "மண்ணுக்கை விரலை விட்டுப் பாருங்கோ, காய்ஞ்சால் மட்டும் வாருங்கோ" என்பது ஐயாவின் சட்டம். வறண்ட காற்றில் இலையடியில் சிலந்திப் பேன் பிடிக்கும். வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரி, கிட்டே பார்த்தால் மெல்லிய நூலாம்படை. மாதம் ஒருமுறை செடியையே குளியலறைக்குத் தூக்கிப்போய் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி தண்ணீர் அடிப்பார். மனிதர்களுக்கே அவ்வளவு சேவை நடக்கிற வீடுகள் குறைவு.

வழுக்கலுக்கு வருகிறேன். மைனஸ் இருபதில் உறைந்தே கிடக்கிற ஊரைவிட, பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்குகிற டொராண்டோ காலுக்குப் பொல்லாதது. பகலில் பனி உருகும், ராத்திரி அதே நீர் கண்ணாடியாக இறுகும். தார் ரோட்டின் நிறத்திலேயே இருக்கும், தெரியாது. ரோடெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். சாதாரண உப்பு மைனஸ் பத்துக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. ஆனால் நம் பூட்ஸில் வெள்ளைக் கோடு போடுகிற வேலையை மட்டும் எந்தக் குளிரிலும் ஒழுங்காகச் செய்யும். வினிகரில் துணியை நனைத்துத் துடைத்தால் போகும். நடப்பதற்கு இங்கே சொல்லித்தருவது பென்குவின் நடை: சின்னச் சின்ன அடி, பாதத்தைத் தட்டையாக வைத்து, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, விழுந்தால் ஊன்றக் கை வேண்டும்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. செருப்பு விடுகிற இடத்தில் நூறு பூட்ஸ்களிலிருந்து உருகி வழிகிற உப்புத் தண்ணீர் குளமாக நிற்கும். சாக்ஸோடு அதில் கால் வைத்தால் அர்ச்சனை முடிகிறவரைக்கும் ஈரக்காலோடு நிற்க வேண்டியதுதான். கைப்பையில் தேங்காய் பழத்தோடு ஒரு ஜோடி மாற்று சாக்ஸும் இருக்கட்டும்.

பனி கொட்டுவதைப் பற்றி ஊரில் பயப்படுவார்கள். இங்கே இருப்பவர்கள் பயப்படுவது உறைமழைக்கு. மழையாகவே விழும், தொட்ட இடத்தில் பனிக்கட்டியாகும். 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் பெய்தது அப்படித்தான். மரக்கிளைகள் பாரம் தாங்காமல் மின்கம்பிகள் மேல் முறிந்து விழுந்து, டொராண்டோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சிலருக்குக் கிறிஸ்துமஸ் கழிந்துதான் வந்தது. எரிவாயு ஃபர்னஸ் என்றாலும் அதன் விசிறிக்குக் கரண்ட் வேண்டுமே. அந்த நாட்களில் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும், கராஜுக்குள் ஜெனரேட்டர் ஓட்டியும் கார்பன் மோனாக்சைடில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வாசனையே இல்லாத வாயு. பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: அதற்கான அலாரம் உங்கள் அறைப் பக்கம் இருக்கிறதா, பொத்தானை அமுக்கினால் கத்துகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

கார் வைத்திருப்பவர்கள் குளிர்கால டயர் போடுங்கள், இன்ஷூரன்ஸிலும் கொஞ்சம் குறைப்பார்கள். சாதாரண டயர் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே விறைத்துப்போய்ப் பிடிமானம் இழக்கும். குழந்தையைக் கார் சீட்டில் உட்காரவைக்கும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டி, ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள். உப்பிய ஜாக்கெட்டுக்கு மேல் இறுக்கிய பட்டை மோதலின்போது தொளதொளவென்று ஆகிவிடும்.

இப்போது இருட்டு. எல்லாவற்றையும்விட இதுதான்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். முந்தின நாள் ஆறு மணிக்கு மறைந்த சூரியன் அன்றைக்கு ஐந்துக்கே போய்விடும். டிசம்பர் 21-இல் காலை 7:48-க்கு எழுந்து மாலை 4:43-க்குப் படுத்துவிடுகிறது. ஒன்பது மணி நேரம்கூட இல்லை. மதுரையில் அன்றைக்கும் பதினொன்றரை மணி நேரப் பகல் உண்டு. அந்த ஒன்பதும் வெயிலில்லை. பெரிய ஏரிகளின் வெதுவெதுப்பான நீர் மேல் வடக்குக் காற்று வீசி நவம்பரிலும் டிசம்பரிலும் மேகத்தைத் திரட்டித் திரட்டி நம் தலைமேல் நிறுத்தும். விளக்கு போட்டு எழுந்து, இருட்டில் பஸ் ஏறி, இருட்டில் இறங்கி. நாலே முக்காலுக்கு உடம்பு 'ராத்திரி ஆச்சு, படு' என்கிறது. வேலையோ பாதி கிடக்கிறது. இங்கே ராத்திரி ஒன்பதுக்கு அம்மாவுக்கு வீடியோ போட்டால் அங்கே மறுநாள் காலை ஏழரை, அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க வெயில். "ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?" என்பாள். பதில் சொல்லத் தெரியாது, ஏனென்றால் கஷ்டம் என்று விரல் வைத்துக் காட்ட ஒன்றும் இருக்காது. தூக்கம் தூக்கமாக வரும், சோறும் இனிப்பும் கேட்கும், யாரையும் பார்க்கப் பிடிக்காது.

நாம் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுவோம். வடக்கு நாடுகளில் இது மருத்துவர்கள் அறிந்த விஷயம். 1984-இல் நார்மன் ரோசன்தாலும் கூட இருந்த ஆய்வாளர்களும் பருவத்தோடு வந்துபோகிற மனச்சோர்வு என்று இதை விவரித்தார்கள். வைத்தியமும் வெளிச்சம்தான். பத்தாயிரம் லக்ஸ் விளக்குப் பெட்டியின் முன் காலையில் அரைமணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். கண் கோளாறோ வேறு மனநலச் சிகிச்சையோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு. ஆபீஸ் வெளிச்சம் ஐந்நூறு லக்ஸ்தான் தேறும். மேகம் மூடிய நடுப்பகலில் வெளியே இருப்பதோ ஆயிரக்கணக்கில். பனி விழுந்து கிடந்தால் தரையும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் வெளியே நடப்பதை நான் விடுவதில்லை. ஜாக்கெட் வாங்கியதே அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். குளிருக்குப் பயந்து உள்ளேயே அடைந்து கிடப்பவர்களைத்தான் இருட்டு பிடிக்கிறது.

அந்த வெயில் கண்ணுக்கு மட்டும்தான், தோலுக்கு உதவாது. பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோலில் வைட்டமின் டி உருவாகவில்லை என்று 1988-லேயே ஆய்வு செய்து காட்டினார்கள். டொராண்டோ அதற்கும் கொஞ்சம் வடக்கே. நம் நிறத்துக்குக் கோடையிலேயே கூடுதல் நேரம் வெயில் வேண்டும். இங்கே விற்கிற பாலில் சட்டப்படி வைட்டமின் டி சேர்த்திருக்கிறது. ஆனால் காபிக்கு ஊற்றுகிற பால் எத்தனை காணும்? பெரியவர்களுக்கு நாளுக்கு 600 யூனிட், எழுபது தாண்டினால் 800 என்பது கனடா சுகாதாரத் துறையின் கணக்கு. மாத்திரை மலிவுதான். அதற்காக அள்ளிப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

மருந்தைவிட எனக்கு உதவியது ஆட்கள். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்கள் என்று 2016-இல் கனடா நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. குளிரின் உச்சத்தில் ஊரே விழாவெடுக்கிறது, பள்ளி, நூலகம், கோயில் என்று ஏதாவது ஒன்றில் கூட்டம் இருக்கும். பொங்கலன்று ஐயா வீட்டில் பின்கதவுக் கண்ணாடி ஓரம் மின்னடுப்பில்தான் பானை. ஏழே முக்காலுக்கு முன்னால் சூரியன் வராது, அதனால் அதிகாலையில் எழுந்திருக்க வேண்டிய அவசரமும் கிடையாது. பால் பொங்கும்போது புகை அலாரம் சேர்ந்து அலறும், ஐயா துண்டை எடுத்து அதற்கு வீசிக்கொண்டே எங்களுக்குக் கரும்பை வெட்டச் சொல்வார்.

மார்ச் வந்ததும் ஏமாந்துவிடாதீர்கள். இரண்டாம் ஞாயிறு கடிகாரம் முன்னால் போகும், சாயங்காலம் ஏழு வரை வெளிச்சம் நிற்கும், பத்து டிகிரி காட்டும். அக்டோபரில் பல்லைக் கிட்டவைத்த அதே பத்து டிகிரிக்கு இங்கத்துப் பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு திரிவார்கள். உங்களுக்கும் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு நடக்கத் தோன்றும். நடங்கள். மூட்டை கட்டி மேலே மட்டும் போட்டுவிடாதீர்கள், ஏப்ரலில் ஒருமுறையாவது பனி கொட்டும். தோட்டக்காரர்கள் மே 25-க்கு முந்தின திங்களான விக்டோரியா நாள் வரை நாற்று நடமாட்டார்கள். ஐயா அதற்கும் ஒரு வாரம் தள்ளித்தான் கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே எடுப்பார், அதுவும் முதல் நாலு நாள் நிழலில். அந்தத் தொட்டி வெளியே வந்தபிறகு எங்கள் தெருவில் எல்லாரும் பூட்ஸைத் துடைத்து அலமாரியில் வைப்போம்.